அறுபதாயிரம் செக்கன்

உங்கள் படகு மிஷின் எவ்வளவு கெட்டிக்கார மிஷின் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள்? இத்தனை குதிரை என்பீர்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு தூரம் ஓடும் என்பீர்கள். எங்கள் படகுத் துறையில் மிஷின் திருத்திய அந்த மனிதர் செக்கனில், அதாவது மணிக்கூட்டு வினாடியில், சொல்லுவார். "இது முப்பதாயிரம் செக்கன் மிஷின் மச்சான், கழட்டி ஆத்துல போடு." "இது அம்பதாயிரம். கண்ணுக்குள்ள வச்சிப் பாத்துக்க." இப்படித்தான் பேச்சு. அதனால் அவருக்குச் செக்கன் என்றே பெயர் நின்றுவிட்டது. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கே ஆளைத் தெரியாமல் போய்விடும்.

எனக்கு எழுத்து வாசிப்பு அவ்வளவாக வராது. ஆனாலும் அந்தச் செக்கன் கணக்கு எனக்கு விளங்கும். படித்தவர்கள் பலருக்கு அது விளங்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை எங்கள் படுவான்கரை. கிழக்கே எழுவான்கரை, டவுன் எல்லாம். நடுவில் வாவித் தண்ணீர், எங்கள் பேச்சில் அது ஆறு. யுத்தம் நடந்த வருடங்களில் நான் சின்னப் படகு ஒன்றில் இரண்டு கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கினேன். அவருடைய பட்டறை துறையடியில், கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில், நான்கு தகரம் போட்ட கொட்டில். ஆள் மெல்லிசு. சாரத்தில் எண்ணெய் படாத இடம் ஒரு கையகலம் இருந்தால் அதிசயம். காதில் ஒரு பென்சில், தலைமுடிக்குள் இன்னொரு பென்சில். முடிக்குள் இருப்பதை மறந்துவிட்டு அதைத் தேடிக்கொண்டு திரிவார்.

அவரிடம் வெறும் நம்பர் சொல்லித் தப்ப முடியாது. "தண்ணி மூண்டு ஏறியிருக்கு" என்றால், "மூண்டு என்ன? அடியா, முழமா, சாணா?" என்பார். "நாலு மூட்டை" என்றால் எந்த மூட்டை என்பார். பேர் சொல்லாத நம்பர் தலை வெட்டின மீன் மாதிரி என்பார். "என்ன மீனெண்டு ஆருக்குகா தெரியும்?" கோயில் கூட்டத்தில் தலைவர் பேசும்போதுகூட இடையில் எழும்பிக் கேட்டிருக்கிறார். கேட்டு ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்றால், இரண்டு புத்தகத்திலிருந்து வந்தது. சின்ன வயதில் டவுனில் ஓர் அமெரிக்காக்காரப் பாதிரிச் சாமியாரிடம் மிஷின் வேலை பழகியவர் அவர். சாமியார் ஊருக்குத் திரும்பும்போது இவருக்கு ஓர் இங்கிலீசுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். சந்திரனுக்குப் போகிற ரொக்கெட்டைப் பற்றிய புத்தகம். பிறகு ஒரு வாத்தியார் வீட்டில் ரஷ்யாக்காரன் தமிழிலேயே அச்சடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. அதுவும் ரொக்கெட்டைப் பற்றியதுதான்.

ரொக்கெட் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லக் கூடாத காலம் அது. ஆமிக்காரன் காதில் விழுந்தாலும் ஆபத்து, இயக்கத்துப் பொடியன்கள் காதில் விழுந்து "வாங்க அண்ணன், வந்து செய்து தாங்க" என்றாலும் ஆபத்து. அதனால் அவர் "சந்திர வாணம்" என்றுதான் சொல்லுவார். இரண்டு புத்தகத்துக்கும் பழைய கலண்டர்த் தாளால் முருகன் படம் தெரிய அட்டை போட்டிருந்தார். பார்த்தவர்கள் தேவாரப் புத்தகம் என்று நினைத்தார்கள்.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். அமெரிக்காக்காரன் புத்தகத்தில் சந்திர வாணத்து மிஷினின் கெட்டித்தனம் முன்னூறு என்று இருந்தது. ரஷ்யாக்காரன் புத்தகத்தில் அதே மாதிரி மிஷினுக்கு மூவாயிரம் என்று இருந்தது. இரண்டு நம்பருக்கும் பக்கத்தில் பேர் இல்லை.

"மச்சான், ரெண்டு பேரும் சந்திரனுக்குப் போட்டி போட்ட ஆக்கள். ஒருத்தன் முன்னூறு எண்டுறான், மத்தவன் மூவாயிரம் எண்டுறான். ஆரு புளுகன்?"

"ரஷ்யாக்காரன்தான் புளுகியிருப்பான். பத்து மடங்கு எண்டா பின்ன?" என்றேன் நான்.

"அப்பிடிச் சொல்லாத. அவன்தானே முதல் மனுசன மேல அனுப்பினவன்."

இரண்டு வருடம் இது அவருக்குத் தலையிடி. ஷெல் விழுந்து நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய் ஒதுங்கிக் கிடந்தபோதுகூட, பெண்டுகள் அழுதுகொண்டிருக்க, இந்த மனிதர் சுவரில் பென்சிலால் முன்னூறையும் மூவாயிரத்தையும் எழுதிவிட்டு முறைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

பிறகு ஒரு நாள் பகல் நான் படகில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறேன். கரையிலிருந்து ஓடி வருகிறார். ஓடுகிற வேகத்தில் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீருக்குள் அப்படியே இறங்கிவிட்டார்.

"மச்சான்! ரெண்டு பேரும் பொய் சொல்லல்ல! ரெண்டு பேரும் உண்ம!"

"ஆரு ரெண்டு பேர்?" யாரையோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

"அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும்!"

படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் நின்றபடியே சொன்னார். ரஷ்யாக்காரன் பார்த்தது வாணத்தின் அடியில் பீச்சுகிற புகையின் வேகத்தை. ஒரு செக்கனுக்கு மூவாயிரம் மீற்றர். அமெரிக்காக்காரன் பார்த்தது வேறு. ஓர் இறாத்தல் எரிபொருளை ஊற்றினால் அது ஓர் இறாத்தல் பாரத்தை எத்தனை செக்கன் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்கும்? முன்னூறு செக்கன். அவ்வளவுதான். கையிலிருந்து ஒரு கல்லை விட்டால் அது ஒரு செக்கனில் கிட்டத்தட்ட பத்து மீற்றர் வேகம் எடுக்குமாம். இந்தப் பத்துத்தான் இரண்டு பேருக்கும் நடுவில் ஒளிந்திருந்த பத்து.

"அதுவும் பார் மச்சான், செக்கன் கணக்கில ஒரு விசேசம் இரிக்கி. றாத்தல் எண்ணெய், றாத்தல் பாரம் எண்டாலும் முன்னூறு செக்கன். கிலோ எண்ணெய், கிலோ பாரம் எண்டாலும் அதே முன்னூறு செக்கன்! றாத்தலும் கிலோவும் நாட்டுக்கு நாடு சண்ட பிடிக்கும். செக்கனுக்குச் சண்ட இல்ல. எல்லா ஊர் மணிக்கூட்டிலயும் ஒரே செக்கன்."

"அதெப்பிடிகா பலத்தப் போய் நேரத்தால அளக்கிற? பைத்தியக்காரக் கதை."

"உன்ட தகப்பன்ட வயல் எவ்வளவு?"

"அங்கால வட்டையில பத்து மரக்கால் விதைப்பு."

"மரக்கால் நெல்ல அளக்கிற சாமான். நீ நிலத்த நெல்லால அளக்கிறாய். உனக்கு அது பைத்தியமில்ல. நான் பலத்த நேரத்தால அளந்தா பைத்தியமா?"

நான் இறைப்பதை நிறுத்திவிட்டேன். சத்தியமாக, அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. பத்து மரக்கால் நெல் விதைக்கப் போதுமான நிலம் பத்து மரக்கால் நிலம். ஓர் இறாத்தல் எண்ணெயை முன்னூறு செக்கன் தாக்குப் பிடிக்க வைக்கிற மிஷின் முன்னூறு செக்கன் மிஷின். எனக்கு விளங்கிவிட்டது என்று கண்டதும் அவர் துள்ளிய துள்ளலில் படகுக்குள் நான் இறைத்த தண்ணீரெல்லாம் திரும்ப வந்துவிட்டது.

அதற்குப் பிறகு துறையில் ஒரு மிஷினையும் அவர் விடவில்லை. ஆற்றுக்குள் பாலைமரக் கட்டை ஒன்றை அடித்து இறக்கினார். நெல்லு மில்லிலிருந்து மூட்டை நிறுக்கிற வில்லுத் தராசு ஒன்றை இரவல் வாங்கிக் கட்டையில் மாட்டினார். தராசில் கயிறு, கயிற்றில் படகு. ஓர் இறாத்தல் எண்ணெயை அளந்து ஊற்றி மிஷினை முழு வேகத்தில் முடுக்கிவிடுவார். படகு உறுமும், தண்ணீர் கொதிக்கும், ஆனால் ஓர் அடி நகராது. கரையில் நின்று சனம் சிரிக்கும். "செக்கன் அண்ணன், ஓடுது ஓடுது, டவுன்தான் இன்னும் வரல்ல!" அவர் வார் இல்லாத கைமணிக்கூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எண்ணெய் முடிந்து மிஷின் சாகும்வரை நேரம் பார்ப்பார். தராசு காட்டிய இறாத்தலை அந்தச் செக்கனால் பெருக்குவார்.

என் மிஷின் நூறு இறாத்தல் இழுத்தது. ஓர் இறாத்தல் எண்ணெயில் அறுநூறு செக்கன் நின்றது. அறுபதாயிரம்!

அவர் அப்படியே குந்திவிட்டார். "மச்சான், சந்திரனுக்குப் போனவனுக்கு முன்னூறு. உன்ட ஓட்ட மிஷினுக்கு அறுபதாயிரம்!"

"அப்ப நான் சந்திரனுக்குப் போகலாமாகா?"

"போகேலாது. உன்ட மிஷின் ஊர்க் காத்தச் சும்மா குடிக்கிது, ஆத்துத் தண்ணிய மிதிச்சித் தள்ளுது. மேல காத்துமில்ல, தண்ணியுமில்ல. அவன் எல்லாத்தையும் தலையில சுமந்துக்கிட்டுப் போகணும், பாவம்." சந்திரனுக்குப் போனவனுக்காக உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு வெள்ளைப் பெயின்ற் எடுத்து என் மிஷின் மூடியில் 60,000 என்று பெரிதாக எழுதினார். ஆமி முகாமடியில் காவலுக்கு நின்றவன் அதைப் படகின் நம்பர் என்று நினைத்துக் கொப்பியில் பதிந்துகொண்டான். அன்றிலிருந்து நான் அங்கே "அறுபதாயிரம் போட்".

இப்போது அவர் எங்கே என்று கேட்காதீர்கள். ஓர் இடப்பெயர்வில் நாங்கள் ஒரு பக்கம் போனோம், அவர் ஒரு பக்கம் போனார். கனடாவில் கண்டதாக ஒருவர் சொன்னார். வாகரையில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். இரண்டில் எதுவும் எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

துறையில் பெரிய படகு வைத்திருந்தவரை எல்லோரும் முதலாளி என்போம். பெரிய உடம்பு, பெரிய மீசை, புது மிஷின். அந்த மிஷினைக் கட்டையில் கட்டிப் பார்த்தபோது இருநூறு இறாத்தல் இழுத்தது. முதலாளி மீசையைத் தடவினார். ஆனால் ஓர் இறாத்தல் எண்ணெயை இருநூறே செக்கனில் குடித்துவிட்டது. நாற்பதாயிரம்.

"என்ட மிஷின் மணிக்குப் பதினாலு போத்தல் குடிக்கும்டா. இவன்ட மிஷினுக்கு அஞ்சு போத்தல் காணும். பதினாலு பெரிசா, அஞ்சு பெரிசா?" என்று முதலாளி கத்தினார். அவருடைய கணக்கில் கூடக் குடிப்பதுதான் பெருமை.

"தின்னுறதப் பாத்தா மாட்ட மதிக்கிற, முதலாளி? உழுறதப் பாருங்க," என்றார் செக்கன்.

சனம் கொல்லென்று சிரித்தது. முதலாளி தன் மிஷினில் நம்பர் எழுத விடவில்லை. அன்றிலிருந்து செக்கனோடு பேச்சும் இல்லை.

அந்த வருடம் எங்கள் கரைக்கு மண்ணெண்ணெய் விடாமல் ஆமிக்காரர்கள் நிறுத்தியிருந்தார்கள். விளக்குக்கே எண்ணெய் இல்லை. அப்படி ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், முதலாளியின் மகளை ஒரு பாயோடு தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடி வந்தார்கள். முதல் பிள்ளையை இழந்தவள் அவள். இது இரண்டாவது. வலி வந்து ஒரு பகல் ஓர் இரவு போயும் பிள்ளை வரவில்லை. ஊர் மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். ரோட்டு மூடிக் கிடந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்கு ஆறு ஒன்றுதான் வழி.

வீடு வீடாகத் தட்டி, விளக்கில் கிடந்ததையும் ஊற்றி, நான்கு போத்தல் எண்ணெய் சேர்ந்தது. முதலாளி அதைத் தன் படகுக்குக் கொண்டுபோனார். செக்கன் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"முதலாளி, பொறுங்க. நிறுத்துப் பாக்கணும்."

"தள்ளுடா! என்ட புள்ள சாகக் கிடக்குது, இவன் தராசு தூக்கிறான்!"

அவர் விலகவில்லை. நான்கு போத்தலையும் வாங்கி, ஒரு வாளியில் ஊற்றி, தராசில் தூக்கினார். வாளியைக் கழித்து ஐந்தே கால் இறாத்தல். தலைமுடிக்குள் இருந்த பென்சிலை அன்றைக்கு மறக்காமல் எடுத்தார். கையிலேயே கணக்குப் போட்டார்.

"உங்கட மிஷினுக்கு இது பதினேழு நிமிசம் ஓடக் காணும். அவன்ட மிஷினுக்கு அம்பத்திரண்டு நிமிசம் காணும்."

"நான் அரை மணித்தியாலத்தில டவுன்ல நிப்பன்! அவன் மாட்டுவண்டி மாதிரி முக்கால் மணித்தியாலம் இழுப்பான்!"

"அரை மணித்தியாலத்துக்கு எண்ணெய் இல்லையே முதலாளி. பதினேழாவது நிமிசம் நடு ஆத்துல, முகாமுக்கு நேரே நிண்டிரும். அதுக்குப் பிறகு ஆரு தள்ளுற?"

முதலாளி தன் புது மிஷினைப் பார்த்தார். என் பழைய மிஷினைப் பார்த்தார். அவருடைய மனைவிதான் பாயருகிலிருந்து எழும்பினார்.

"சின்ன மிஷினில போறது உங்களுக்கு வெக்கம். எனக்கு என்ட புள்ள வேணும். தூக்குங்க அதுல!"

தூக்கி வைத்தோம். முதலாளி ஏறக் காலை வைத்தார். செக்கன் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க இருநூறு றாத்தலுக்கு மேல. இறங்குங்க."

"இறங்கமாட்டன்டா! துடுப்பத் தா, என்ட பாரத்த நான் இழுக்கிறன்!"

அவர் இழுத்தார். நான் பொய் சொல்லமாட்டேன். படகின் முன்னணியத்தில் இருந்துகொண்டு, மீசையில் வேர்வை வடிய, அந்தப் பெரிய மனிதர் வழி முழுவதும் துடுப்புப் போட்டார். நான் சுக்கானில். செக்கன் மிஷின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தார். வேகத்தைக் கொஞ்சம் கூட்டப் பார்த்தேன், கையில் அடித்தார். பிள்ளைக்காரி முனகுவாள், தாய் "அம்மாளே, அம்மாளே" என்பார், இவர் உள்ளங்கை மணிக்கூட்டைப் பார்த்து நிமிசம் சொல்லுவார். முகாமடியில் துவக்கோடு ஒருவன் கையைக் காட்டினான். நிறுத்தினால் எண்ணெய் போச்சு. அவன் மூடியில் இருந்த எழுத்தை வாசித்துவிட்டு, "ஆ, அறுபதாயிரம் போட்! போ, போ!" என்று கையை வீசினான்.

ஆஸ்பத்திரிப் பக்கத்துத் துறை தெரிந்தது. கட்டடம் தெரிந்தது. சன்னல்கூடத் தெரிந்தது. மிஷின் ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமியது. நின்றது. கரைக்கு இன்னும் ஐம்பது பாகம், நூறு மீற்றர்கூட இருக்காது. நானும் முதலாளியும் ஆளுக்கொரு துடுப்பால் அதைத் தின்றுவிட்டோம்.

பிறகு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். தாயை மட்டும் கூட விட்டார்கள். ஆம்பிளைகள் நாங்கள் மூன்று பேரும் வெளியே மதிலோரம் வெயிலில் நின்றோம். முதலாளியின் கை இரண்டும் கொப்புளம். மத்தியானம் திரும்பியது.

கதவு திறந்தது. தள்ளுவண்டியோடு ஓர் ஆஸ்பத்திரி ஊழியர் போகிற போக்கில் தலையைத் திருப்பி, "படுவான்கரை ஆக்களா? ஆம்பிளப் புள்ள! மூண்டு!" என்றார். கதவு மூடிக்கொண்டது.

நான் சந்தோசத்தில் கத்தினேன். முதலாளி கத்தவில்லை. அவர் முகம் சாம்பலாகிப் போயிருந்தது. மதிலில் சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டார்.

"மூண்டு... மூத்ததும் மூண்டு றாத்தல்தானே. ரெண்டு நாள்... ரெண்டு நாள்தானே இருந்தது."

எங்கள் பக்கத்தில் பிள்ளையென்றால் இறாத்தல். என் பிள்ளைகள் எல்லாம் இறாத்தலில் பிறந்தவர்கள். மூன்று இறாத்தல் பிள்ளை என்றால் உள்ளங்கையில் அடங்கும், அதற்கு உயிர் தங்குவது கடவுள் புண்ணியம். நான் முதலாளியின் தோளில் கை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் செக்கனைக் காணவில்லை.

உள்ளே ஒரே சத்தம். "டேய், ஆருடா நீ? ஆம்பிளயள் வரக்கூடாது! பிடியுங்க அவன!" ஏதோ ஒரு தட்டம் விழுந்து உருளுகிற சத்தம். ஒரு பெண் நர்ஸ் ஏசுகிற சத்தம். பிறகு ஓடுகிற காலின் சத்தம். கதவு அடித்துக்கொண்டு திறக்க, சாரத்தை ஒரு கையால் பிடித்தபடி அவர் வெளியே பாய்ந்தார். பின்னால் காவலாளி ஒருவர் தடியோடு துரத்தி வந்தார்.

"கிலோ, முதலாளி! கிலோ! மூண்டு கிலோ!"

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை அவருக்கு. "கிலோவா? அது... அது றாத்தலுக்கு எவ்வளவுடா? சொல்லன்டா!"

"ஆறரை! ஆறரை றாத்தல் முதலாளி!"

காவலாளி வந்து செக்கனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இளைக்க இளைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். முதலாளி கொப்புளம் போட்ட கைகள் இரண்டையும் மெல்ல முன்னால் நீட்டினார். பிறகு ஆறரை இறாத்தல் எவ்வளவு பாரம் இருக்கும் என்று வெறுங்கையில் தூக்கிப் பார்த்தார்.